கூடம் கோணலா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. தன் குறையை மறைத்து நிலத்தின்மேற் பழி சுமத்துவோரை இடித்துரைக்க எழுந்தது அது. ஆனால், ஆடுவோர் நன்கு ஆட அறிந்திருந்தும் கூடமே அவர்களுக்கு மறுக்கப்படுமாயின் என் செய்வது? கூடத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர், ஆட்டத்தைச் செய்தவர் வேறொருவர், இவ்விருவரும் உடன்பட்டாலன்றி ஆட்டம் நிகழாது என்ற நிலை தோன்றுமாயின் பழி யாரைச் சாரும்? கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணினி விளையாட்டு உலகிலே நடந்துவரும் வழக்கு இதுவேயாம்.

கிளித்தட்டு மறிப்பதற்கு வேண்டியவை ஒரு வெளியும் சில கோடுகளும் மாத்திரமே. பல்லாங்குழிக்குப் பலகை கிடையாதெனின் மண்ணிலே குழிகள் பறித்து, புளியங்கொட்டையையோ சோகியையோ இட்டு ஆடலாம். தாயத்துக்குக் கட்டம் கீறச் சுண்ணக்கட்டி போதும். இவ்வாட்டங்களின் விதிகள் ஊருக்குப் பொது. ஆடும் நிலமும் பெரும்பாலும் ஊருக்குப் பொது. இன்ன வீட்டுத் திண்ணையில் மாத்திரமே தாயம் ஆடலாம், அயல்வீட்டுத் திண்ணையிற் காய்கள் உருளா என்று எவரும் விதித்ததில்லை. கணினி விளையாட்டின் இயல்போ வேறு. கணினி ஒன்றிலே எந்த வேலை நடைபெற வேண்டுமாயினும், அதற்கு அடித்தளமாகப் பணிசெயல் முறைமை என்னும் மென்பொருள் வேண்டும். திரையிற் படம் வரைதல், ஒலி எழுப்புதல், விரல் அசைவை உணர்தல் ஆகிய யாவும் அதன் வழியாகவே நடைபெறும். விளையாட்டு எனப்படுவது அவ்வடித்தளத்தின்மேல் அமர்த்தப்படும் இன்னொரு மென்பொருள். ஆதலின், ஓர் அடித்தளத்துக்கென அமைக்கப்பட்ட விளையாட்டு மற்றோர் அடித்தளத்திலே தானாக இயங்காது. அடித்தளம் எவர் கையில் இருக்கின்றதோ, அவர் கையிலே ஆட்டத்தின் வாயிலும் இருக்கின்றது.

அத்தகைய அடித்தளங்களுள் இரண்டை ஈண்டு நோக்குதல் தகும். ஒன்று மைக்ரோசொப்ட் கம்பனியின் விண்டோஸ். அது விலைக்கு விற்கப்படுவது. அதன் மூல எழுத்து வெளியாருக்குக் காட்டப்படுவதில்லை. மற்றையது லினக்ஸ். 1991ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 25ஆந் திகதி, பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்து மாணவராயிருந்த லீனஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது இளைஞர், தாம் ஒரு பணிசெயல் முறைமையைப் பொழுதுபோக்காக எழுதி வருவதாக உலகுக்கு அறிவித்தார். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்பவர், எவரும் பயன்படுத்தவும், திறந்து பார்க்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள மென்பொருள்களை ஆக்கும் க்னூ என்ற இயக்கத்தைத் தொடக்கியிருந்தார். ஸ்டோல்மனின் உரிம விதிகளை டோர்வால்ட்ஸ் 1992ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டார். அன்று தொடக்கம் லினக்ஸ் ஒரு பொதுக்கூடமாயிற்று. அதற்குப் பூட்டும் இல்லை, வாடகையும் இல்லை.

இப்பொதுக்கூடத்திற்கு விளையாட்டு வந்து சேர நெடுங்காலம் செல்லவில்லை. 1993ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் ஐடி சொப்ட்வெயர் என்ற அமெரிக்க நிறுவனம் டூம் என்னும் விளையாட்டை வெளியிட்டது. கணினி விளையாட்டின் போக்கையே மாற்றிய ஆக்கம் அது. அடுத்த ஆண்டிலேயே அந்நிறுவனத்தைச் சேர்ந்த டேவ் டெய்லர் அதனை லினக்ஸுக்கு மாற்றி அமைத்தார். 1997ஆம் ஆண்டின் இறுதியில் அந்நிறுவனம் அதன் மூல எழுத்தையும் உலகுக்கு வழங்கியபோது, வழங்கப்பட்டது லினக்ஸுக்கென அமைந்த வடிவமே என்பது குறிப்பிடத்தக்கது. இன்று அச்சுப்பொறியிலும் கைக்கணிப்பானிலுங்கூட டூம் ஓடுவதாக இளைஞர் வேடிக்கையாகச் செய்து காட்டுவதற்கு அக்கொடையே காரணம்.

இங்ஙனம் நல்ல தொடக்கம் இருந்தும், கூடம் வெறிச்சோடியது ஏன்? விடை 1995ஆம் ஆண்டிலே கிடைக்கின்றது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் விண்டோஸ் 95 வெளிவந்தது. அக்காலத்து விளையாட்டு ஆக்குநர்கள் பழைய டொஸ் முறைமையையே விரும்பினர். விண்டோஸ் விளையாட்டுக்கு மந்தமானது என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணத்தை மாற்றுவதற்காக மைக்ரோசொப்ட் கம்பனி, விளையாட்டுகள் திரையையும் ஒலியையும் விரைவாக ஆள்வதற்கு உதவும் டைரக்ட்எக்ஸ் என்ற கருவித் தொகுதியை அவ்வாண்டிலேயே வெளியிட்டது. கருவிகள் சிறந்தவை, அவற்றுக்குத் தனி விலையும் இல்லை. ஆனால் அவை விண்டோஸில் மாத்திரமே இயங்கின. அவற்றைக் கொண்டு கட்டிய விளையாட்டு விண்டோஸை விட்டு வெளியேற இயலாதாயிற்று. எல்லா முறைமைகளுக்கும் பொதுவான ஓபன்ஜிஎல் என்ற வரைகலை நியமம் 1992ஆம் ஆண்டு தொடக்கம் இருந்தபோதிலும், பெரும்பாலான ஆக்குநர்கள் மைக்ரோசொப்டின் வழியையே நாடினர். வற்புறுத்தலால் அன்று, வசதியினாலே கட்டப்பட்ட மதில் அது.

அக்காலத்தில் டூம் விளையாட்டை விண்டோஸ் 95க்குக் கொண்டுவரும் பணிக்கு மைக்ரோசொப்டிலே தலைமை தாங்கியவர் கேப் நியூவெல் என்பவர். இப்பெயரை நினைவில் வைத்தல் நன்று. மதில் எழுவதற்குத் துணைநின்ற இவரே, பிற்காலத்தில் அதில் வாயில் திறக்கவும் முற்பட்டார். 1996ஆம் ஆண்டில் இவரும் உடன் பணியாற்றிய மைக் ஹரிங்டனும் மைக்ரோசொப்டை விட்டு நீங்கி வால்வ் என்ற விளையாட்டு நிறுவனத்தை நிறுவினர்.

இனி, கொழும்பின் நிலைமையை நோக்கலாம். 1995ஆம் ஆண்டில் இந்நாட்டிலே வணிக முறையிலான இணையச் சேவை தொடங்கிற்று. அதனை அடுத்த ஆண்டுகளில், வெள்ளவத்தையில் காலி வீதியின் இருமருங்கிலும், கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியை அண்டிய பகுதிகளிலும், கொமியூனிக்கேஷன் என்று மக்கள் பெயரிட்டழைத்த கடைகள் பெருகின. வெளிநாடுகளுக்குப் புலம்பெயர்ந்த பிள்ளைகளோடு தொலைபேசியிற் பேசுவதற்காகத் தாய் தந்தையர் காத்திருந்த இடங்கள் அவை. காலப்போக்கில் அத்தகைய கடைகள் பலவற்றிலே கணினிகளும் இடம்பெற்றன. முதியோர் முன்கூடத்திற் காத்திருக்க, இளையோர் உள்ளறையிலே கணினிகளை ஒன்றோடொன்று இணைத்துக் கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடினர். அவ்விளையாட்டு வால்வ் நிறுவனத்தின் ஹாஃப் லைஃப் என்னும் ஆக்கத்தின்மேல் இளைஞர் இருவர் 1999ஆம் ஆண்டில் அமைத்தது. பின்னர் வால்வ் அதனைத் தனதாக்கிக்கொண்டது.

அக்கணினிகள் ஏறக்குறைய யாவும் விண்டோஸ் கணினிகளே. பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவிலே கணினி வாங்கச் சென்ற குடும்பங்கள், விண்டோஸுக்கெனத் தனியாக எதனையும் செலுத்த வேண்டும் என்று பெரும்பாலும் அறிந்திருக்கவில்லை. உரிமம் பெறாத பிரதிகளே எங்கும் வழங்கின. இலங்கையிற் பயன்பட்ட மென்பொருள்களுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை உரிமம் பெறாதவை என அனைத்துலக மென்பொருள் வணிகர் கூட்டமைப்பு 2011ஆம் ஆண்டுக்குரிய தன் ஆய்விலே கணித்தது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்குப் பாதுகாப்பளித்திருந்தும் நிலைமை அதுவே.

இதில் ஒரு நுட்பம் பொதிந்துள்ளது. விலையின்மை என்பது லினக்ஸின் பெருஞ் சிறப்புகளுள் ஒன்று. ஆனால் விண்டோஸும் விலையின்றியே கைக்கு வந்த ஊரில் அச்சிறப்பு எடுபடவில்லை. ஐரோப்பாவில் ஒரு மாணவன் செலவைக் கருதி லினக்ஸை நாடக்கூடும். கொழும்பு மாணவனுக்கு அத்தேவை எழவில்லை. இதனை வணிகர்களும் உணர்ந்தே இருந்தனர். சீனாவிலே மக்கள் மென்பொருளுக்குப் பணம் செலுத்துவதில்லையாயினும், திருடுவதாயின் தம்முடையதையே அவர்கள் திருடுவது நல்லது என்றும், பழகிய பின்னர் பணம் பெறும் வழியைக் கண்டுகொள்ளலாம் என்றும் பொருள்பட, மைக்ரோசொப்ட் தலைவர் பில் கேட்ஸ் 1998ஆம் ஆண்டில் வெளிப்படையாகவே கூறினார். கள்ளப் பிரதியினால் நட்டமடைந்தவர் விண்டோஸ் உரிமையாளர் மாத்திரம் என்று எண்ணுதல் தவறு. போட்டியிட வந்த பொதுக்கூடமும் அதனாலே நட்டமடைந்தது.

ஆயினும் லினக்ஸ் கொழும்புக்கு அந்நியமாக இருக்கவில்லை. 2003ஆம் ஆண்டில் சஞ்ஜீவ வீரவரண முதலியோரின் முயற்சியால் லங்கா சொப்ட்வெயர் பவுண்டேஷன் என்ற நிறுவனம் கொழும்பிலே தோன்றியது. திறந்த மூல மென்பொருள்களை இலங்கையர் வெறுமனே பயன்படுத்துவதோடு நில்லாது, அவற்றை ஆக்குவதிலும் பங்குகொள்ளல் வேண்டும் என்பது அதன் நோக்கம். 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை எழுந்து இந்நாட்டில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. காணாமற் போனோர் யாவர், எம்முகாமில் எத்துணைப்பேர், எங்கே எப்பொருள் தேவை என்பனவற்றைத் தொகுத்தறிய ஒரு கருவி உடனடியாக வேண்டப்பட்டது. தொண்டர்களாக முன்வந்த மென்பொருள் வல்லுநர்கள் இரவு பகலாக உழைத்து, சில வாரங்களிலே சஹானா என்ற முறைமையை அமைத்தனர். நிவாரணம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமத்தோடு அது வெளியிடப்பட்டமையால், 2005ஆம் ஆண்டில் பாக்கிஸ்தான் நிலநடுக்கத்தின் போதும், 2010ஆம் ஆண்டில் ஹெயிட்டி நிலநடுக்கத்தின் போதும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டில் ஸ்டோல்மன் நிறுவிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, சமுதாய நன்மைக்கான தன் விருதைச் சஹானாவுக்கு வழங்கிச் சிறப்பித்தது.

உயிர் காக்கும் பெரும்பணிக்கு உகந்ததாகக் காணப்பட்ட பொதுக்கூடம், பிள்ளைகளின் விளையாட்டுக்கு மாத்திரம் உதவாததாக இருந்தது விந்தையன்றோ? குறை கூடத்தில் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

மேலைநாட்டிலும் இக்குறையை நீக்க முயன்றோர் உண்டு. 1998ஆம் ஆண்டில் ஸ்கொட் ட்ரேக்கர் என்னும் வழக்கறிஞர் கலிபோர்னியாவில் லோக்கி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பிற நிறுவனங்களின் விளையாட்டுகளை உரிமை பெற்று லினக்ஸுக்கு மாற்றி விற்பது அவரது தொழில். ஆட்டங்கள் செவ்வனே இயங்கின. ஆனால் வாங்குவோர் போதவில்லை. விண்டோஸ் வடிவம் வெளிவந்து பல மாதங்கள் கழிந்த பின்னரே லினக்ஸ் வடிவம் வெளிவரும்; அதற்குள் ஆர்வமுடையோர் முன்னையதை வாங்கிவிடுவர். 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லோக்கி கதவடைத்தது. எனினும் அதன் உழைப்பு வீணாகவில்லை. அங்கே பணியாற்றிய சாம் லன்டிங்கா, விளையாட்டுகளைப் பல முறைமைகளிலும் இயங்கச் செய்வதற்காக எழுதிய எஸ்டிஎல் என்ற நிரல் தொகுதி இன்றும் எண்ணற்ற விளையாட்டுகளுக்கு ஆதாரமாக நிற்கின்றது.

வேறு சிலர் பிறிதொரு வழியை நாடினர். ஒவ்வொரு விளையாட்டையும் தனித்தனியே மாற்றுவதைக் காட்டிலும், விண்டோஸின் மொழியை லினக்ஸுக்கு விளங்கவைக்கும் துபாஷி ஒருவரை நடுவில் நிறுத்தினால் என்ன என்பது அவர்கள் கருத்து. 1993ஆம் ஆண்டில் தொடங்கிய வைன் என்ற முயற்சி அத்தகையது. மைக்ரோசொப்ட் தன் மூல எழுத்தைக் காட்டாதபடியால், வைன் தொண்டர்கள் வெளியே தெரியும் நடத்தையைக் கொண்டே உள்ளமைப்பை ஊகித்து எழுத வேண்டியிருந்தது. வைன் தன் முதலாம் பதிப்பை எய்துவதற்குப் பதினைந்து ஆண்டுகள் சென்றன. 2008ஆம் ஆண்டில் அப்பதிப்பு வெளிவந்தபோதும் புதிய விளையாட்டுகள் பல அதனில் இடறின.

இந்நிலையில் வரலாற்றைத் திருப்பியது அறமன்று, அச்சம் எனலாம். வால்வ் நிறுவனம் 2003ஆம் ஆண்டில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையைத் திறந்து பெருஞ் செல்வம் ஈட்டியிருந்தது. 2012ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட், விண்டோஸ் 8 முறைமையோடு தன் சொந்தக் கடையையும் உள்ளே அமைத்தது. கூடத்தின் உரிமையாளரே கடை வைப்பாராயின் பிறர் கடை எத்துணைக் காலம் நிலைக்கும்? கேப் நியூவெல் அதனைக் கணினித் துறையினர்க்கு நேர்ந்த பேரிடர் என்று கண்டித்து, மாற்று வழியாக லினக்ஸைச் சுட்டினார். 2013 பெப்ரவரியில் லினக்ஸுக்குரிய ஸ்டீம் வெளிவந்தது. 2015ஆம் ஆண்டில் லினக்ஸ் அடிப்படையிலான ஸ்டீம் மெஷின் என்னும் கணினிகள் விற்பனைக்கு வந்தன. அவை தோல்வியடைந்தன. விலை மிகுதி, ஆடத்தக்க ஆட்டங்களோ குறைவு.

தோல்வியிலிருந்து வால்வ் கற்ற பாடம் யாதெனின், ஆக்குநர்களைக் கெஞ்சி அழைப்பதைக் காட்டிலும் அவர்கள் ஏற்கனவே செய்தவற்றை அப்படியே இயங்கச் செய்வதே மேல் என்பதாம். வைன் முயற்சியோடு கைகோத்து, பிலிப் ரெபோல் என்ற தொண்டர் ஆக்கிய டிஎக்ஸ்விகே என்னும் மொழிபெயர்ப்புக் கருவியையும் இணைத்து, 2018 ஓகஸ்டில் புரோட்டன் என்ற தொகுதியை வால்வ் வெளியிட்டது. முன்னர் ஒரு மாணவன் நாட்கணக்காக முயன்று அமைக்க வேண்டியிருந்தது, ஒரு பொத்தானை அழுத்துவதோடு முடிந்தது. 2022 பெப்ரவரியில் லினக்ஸைக் கொண்ட ஸ்டீம் டெக் என்ற கைக்கணினி வெளிவந்து வெற்றி பெற்றது. ஸ்டீமின் மாதாந்தக் கணிப்பில் நெடுங்காலமாக 1 சதவீதத்தை அண்டிக் கிடந்த லினக்ஸ், 2025 ஒக்டோபரில் முதன்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. சிறு தொகையே, ஆயினும் நிலம் அசைந்துவிட்டது.

இனிமேல் எஞ்சிய தடை யாது? அது தொழினுட்பத்தடை அன்று; பெரும்பாலும் நம்பிக்கை பற்றிய தடை. பலர் கூடி இணையத்திலே ஆடும் ஆட்டங்களில் வஞ்சகம் செய்வோர் மலிந்துள்ளனர். மறைந்திருப்போரைச் சுவருக்கு அப்பாலும் காணவும், குறி தவறாது சுடவும் உதவும் கள்ள நிரல்கள் விற்பனையாகின்றன. அவற்றைப் பிடிப்பதற்காக நிறுவனங்கள் காவல் நிரல்களை அமைக்கின்றன. அவற்றுட் சில, பணிசெயல் முறைமையின் உட்கருவுக்குள்ளேயே புகுந்து அமர்கின்றன. ரயட் கேம்ஸ் நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வலோரன்ற் விளையாட்டோடு அறிமுகஞ் செய்த வான்கார்ட் இத்தகையது. 2024 மே மாதத்தில் அதே காவல் லீக் ஒஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டுக்கும் விதிக்கப்பட்டதும், அதுவரை வைன் வழியாக ஆடிவந்த லினக்ஸ் பயனர்கள் ஒரே நாளில் வெளியேற்றப்பட்டனர். 2024 ஒக்டோபரில் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸும் லினக்ஸுக்குக் கதவடைத்தது.

நிறுவனங்களின் நியாயத்தையும் கேட்டல் நடுநிலையாகும். எவரும் உட்கருவைத் திருத்தி அமைக்கலாம் என்ற லினக்ஸின் சுதந்திரமே, காவல் நிரலை ஏமாற்றுவதற்கும் வழியாகும் என்று அவை கூறுகின்றன. போர்ட்நைட் விளையாட்டை ஸ்டீம் டெக்குக்கு ஏன் கொண்டுவரவில்லை என்பதற்கு எபிக் கேம்ஸ் தலைவர் டிம் ஸ்வீனி 2022ஆம் ஆண்டில் கூறிய காரணமும் இதுவே. நூற்றுக்கு மூவர்க்காகப் பொருளும் உழைப்பும் செலவிடுதல் கட்டுப்படியாகாது என்பது இன்னொரு நியாயம். இவை முற்றாகப் புறக்கணிக்கத்தக்கன அல்ல. வஞ்சகம் மலிந்த களத்தில் நேர்மையாக ஆடுவோனே முதலில் தோற்கின்றான்.

மறுபக்கத்து நியாயமும் வலியது. எபிக் நிறுவனத்துக்குச் சொந்தமான காவல் நிரலும், பேட்டில்ஐ என்ற மற்றொரு காவல் நிரலும் புரோட்டனோடு இயங்க இசைவதாக 2021 செப்டெம்பரில் அறிவிக்கப்பட்டது. அதனை அனுமதிப்பதா மறுப்பதா என்பது ஒவ்வொரு ஆக்குநரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. அனுமதித்தோர் பலர் ஆட்டத்தைத் தொடர்ந்து நடத்துகின்றனர். எனவே இயலாமை என்பது பல இடங்களில் விருப்பமின்மையே. மேலும், விண்டோஸிலே கடுங்காவல் இருந்தும் வஞ்சகம் ஒழிந்தபாடில்லை. ஒரு விளையாட்டின் பொருட்டு வீட்டுக் கணினியின் மூலஸ்தானத்துக்குள் அந்நியரை அனுமதிப்பது தகுமா என்ற வினாவும் எழுகின்றது. 2024 ஜூலை 19ஆந் திகதி, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான திருத்தம் உட்கருவிலே புகுந்தமையால் ஏறக்குறைய 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கி, விமானங்களும் வைத்தியசாலைகளும் தவித்ததை உலகம் கண்டது. அது விளையாட்டு நிரல் அன்று. ஆயினும் உட்கருவுக்குள் இடங்கொடுப்பதன் அபாயத்தை அது உணர்த்திற்று.

இத்துடன், விற்றதைத் திரும்பப் பெறும் வழக்கமும் இவ்வணிகத்தில் வேரூன்றி வருகின்றது. லினக்ஸில் இயங்கும் என்று கூறி விற்கப்பட்ட ரொக்கெட் லீக் விளையாட்டுக்கு, அதன் ஆக்குநரை எபிக் நிறுவனம் வாங்கிய பின்னர், 2020 மார்ச்சில் லினக்ஸ் ஆதரவு நிறுத்தப்பட்டது. 2014ஆம் ஆண்டில் யூபிசொப்ட் வெளியிட்ட த குரூ என்ற விளையாட்டோ, 2024 மார்ச் 31ஆந் திகதி சேவையகம் மூடப்பட்டதும் விலை கொடுத்து வாங்கிய எவர்க்கும் பயன்படாது போயிற்று. இதனை எதிர்த்து எழுந்த இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்திடம் அளிக்கும் மனுவுக்குப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களை 2025 ஜூலைக்குள் திரட்டியது. வாங்குவோருக்குக் கிடைப்பது உரிமம் மாத்திரமே என்பதை மறைத்து, வாங்குக என்ற சொல்லால் விற்றலாகாது எனக் கலிபோர்னியா மாநிலம் 2024ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றியது. லினக்ஸின் நண்பனாகத் தோன்றும் வால்வும் இவ்விதிக்கு விலக்கன்று. அக்கடையில் விற்கப்படுவதும் உரிமமே. விற்பனைத் தொகையில் பொதுவாக 30 சதவீதத்தை அது தன் பங்காக எடுத்துக்கொள்கின்றது. பொதுக்கூடத்தின் நடுவே ஒரு தனியார் கடை வளர்ந்துள்ளது என்பதை மறத்தலாகாது.

இன்னுமொரு புதுமையை நேயர்கள் சிந்தித்தல் நன்று. லினக்ஸில் எவர் விளையாடுகின்றனர் என்று வினவினால், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பேருந்துக்குக் காத்துநிற்கும் பிள்ளைகளைச் சுட்டலாம். அவர்தம் கையிலுள்ள அன்ட்ரொயிட் தொலைபேசிகளின் உட்கரு லினக்ஸே. 2008ஆம் ஆண்டில் முதல் அன்ட்ரொயிட் தொலைபேசி விற்பனைக்கு வந்தது தொடக்கம், உலகில் மிகப் பெருந்தொகையானோர் தாம் அறியாமலே லினக்ஸின்மேல் விளையாடி வருகின்றனர். எனினும் அங்கே கடை கூகிளின் கையில். அக்கடையின் நடைமுறைகள் போட்டியை ஒடுக்குவன என்று 2023 டிசெம்பரில் அமெரிக்க ஜூரிமார் சபை ஒன்று தீர்ப்பளித்தது. திறந்த உட்கரு மாத்திரம் இருந்தால் வாயில் தானே திறந்துவிடாது என்பது இதனாற் பெறப்படும்.

இவையெல்லாம் கொழும்புக் குடும்பம் ஒன்றுக்கு எவ்வகையிற் பொருந்தும்? இந்நாட்டில் விளையாட்டுத்துறை அமைச்சு 2019ஆம் ஆண்டில் மின்விளையாட்டை ஒரு விளையாட்டாக அங்கீகரித்தது. 2023ஆம் ஆண்டில் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவிலே அதற்குப் பதக்கங்களும் வழங்கப்பட்டன. அவ்விழாவில் ஆடப்பட்ட ஆட்டங்களுள் லீக் ஒஃப் லெஜண்ட்ஸும் ஒன்று. ஆக, போட்டியிட விரும்பும் மாணவன் எவ்வகைக் கணினியை வைத்திருக்க வேண்டும் என்பதை இன்று அவன் நாடும் பாடசாலையும் தீர்மானிப்பதில்லை. கடல்கடந்த கம்பனி ஒன்று தீர்மானிக்கின்றது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே ஒரு டொலரின் பெறுமதி ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபாவை அண்டியபோது, புதிய கணினி என்பது பல குடும்பங்களுக்கு எட்டாக்கனியாயிற்று. பழையதைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்வதே வழியாயிற்று. இதற்கிடையில் விண்டோஸ் 11, பாதுகாப்புச் சில்லு முதலிய புதிய வன்பொருள்களைக் கட்டாயமாக்கியது. 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் முடிவடைந்தது. நன்கு இயங்கும் கணினி ஒன்று, பழுதினால் அன்றி ஒரு திகதியினால் முதுமையடைகின்றது. அத்தகைய கணினிக்கு இரண்டாம் வாழ்வு அளிக்க வல்லது லினக்ஸ். பாடத்துக்கும் எழுத்துக்கும் அது போதும் என்று தந்தை கருதுவார். என் நண்பர் ஆடும் ஆட்டம் அதில் வருமா என்று மகன் வினவுவான். வராது என்ற ஒரு சொல்லிலே முடிவு மாறிவிடும். இளையோர் எந்த முறைமையைக் கற்கின்றனர் என்பதைப் பாடநூல் தீர்மானிப்பதிலும் விளையாட்டே மிகுதியாகத் தீர்மானிக்கின்றது. விளையாட்டைச் சிறு பொருள் என்று தள்ளலாகாமைக்குக் காரணம் இதுவே.

அயலிலுள்ள கேரள மாநிலம் தன் பாடசாலைக் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளின்மேல் அமைத்து இருபதாண்டளவாயிற்று. தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு தொடக்கம் மாணவர்க்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோஸோடு போஸ் என்ற இந்திய லினக்ஸும் இடம்பெற்றது. சிறுவர்க்குரிய ஜிகொம்பிரி, டக்ஸ் பெயின்ற் முதலிய கட்டற்ற விளையாட்டுகள் பழைய கணினியிலும் இயங்குவன. அவற்றில் எண்ணையும் எழுத்தையும் பயிலும் பிள்ளை, வளர்ந்தபின் அவ்வாட்டத்தின் உள்ளமைப்பைத் திறந்து பார்க்கலாம்; தமிழிலே பெயர்த்தும் அமைக்கலாம். க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவனுக்கு இதனினும் சிறந்த செய்முறைப் பாடம் கிடைத்தல் அரிது. விலைக்கு வாங்கிய விளையாட்டில் அவன் ஆடலாம்; திறந்த விளையாட்டிலோ ஆடவும் கூடும், ஆட்டத்தை ஆக்கவும் கூடும்.

இவ்வரலாறு முழுவதையும் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படுகின்றது. விளையாட்டுகள் லினக்ஸுக்கு வாராதிருந்தமைக்கு லினக்ஸின் இயலாமை காரணமன்று. வசதியும் வழக்கமும் வணிகமுமே காரணங்கள். அவை வந்து சேர்ந்தமைக்கும் வணிகம் ஓரளவு காரணம். அதனினும் மேலாக, ஊதியம் கருதாது ஆண்டுக்கணக்காக உழைத்த தொண்டர்களே காரணம். அவர்கள் இல்லையெனின் வால்வுக்கு எடுத்துக்கொள்வதற்கு எதுவும் இருந்திராது. ஆழிப்பேரலைக் காலத்திலே கொழும்பில் உறங்காது எழுதியவர்களும் அவ்வழியினரே.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்பது பழமொழி. ஆனால் இவ்வழக்கிலே ஆடுவோர்க்கு ஆடத் தெரியும், கூடமும் கோணலன்று. வாயிலிலே நிற்கும் காவலாளி எவர், அவரை நியமித்தவர் எவர் என்று கேட்க வேண்டிய காலம் இது. பிள்ளைக்கு ஒரு விளையாட்டை வாங்கிக் கொடுக்குமுன் அது எக்கூடத்திலே ஆடத்தக்கது, எத்துணைக் காலம் நிலைப்பது, மூடப்படின் கையில் எஞ்சுவது யாது என்று பெற்றோர் வினவுவாராயின், அதுவே வாயிலைத் திறக்கும் முதற் கையாகும்.